பொட்டு வைத்ததும் நின்ற பிரஸ்

எனக்குப் பிரஸ் மெஷின் என்றால் பைத்தியம். சொன்னால் சிரிப்பார்கள். நடிகர் மேல் பைத்தியமாக இருக்கலாம், கிரிக்கெட் மேல் இருக்கலாம், தகட்டை நசுக்குகிற இரும்பு மேல் இருக்கலாமா என்று கேட்பார்கள். இருக்கலாம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்த முதல் நாளே அது பிடித்துவிட்டது. தட்டையாக உள்ளே போன ஒரு தகடு, ஒரே அடியில் நாலு பக்கமும் மடங்கி, பிராக்கெட்டாக வெளியே வந்து விழுந்தது. நான் வாய்விட்டுக் கத்திக் கை தட்டிவிட்டேன். கூடச் சேர்ந்த பையன்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று இன்னொரு முறை தட்டினேன்.

பாலிடெக்னிக்கில் நிலைமம் என்றால் என்ன என்று இரண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடமாக எழுதியிருக்கிறேன். எழுதியபோது எனக்கு அது ஒன்றுமே இல்லை. இங்கே பிரஸ்ஸின் பின்பக்கம், ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஃபிளைவீல். மோட்டாரை நிறுத்தினாலும் அது நிற்காது, தன் பாட்டுக்குச் சுற்றும். மோட்டார் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்த பலத்தையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, தகடு வந்ததும் ஒரே அடியில் செலவழிக்கும். அதைப் பார்த்த அன்றுதான் அந்த இரண்டு மார்க் எனக்குப் புரிந்தது. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன்.

அம்மா தண்டலம் பக்கம் ஒரு கல்லூரி ஹாஸ்டல் சமையலறையில் வேலை செய்கிறாள். பெரிய கிரைண்டர்களோடு புழங்குகிறவள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இத்த போயி படிச்சியா? கிரைண்டரு கூடத்தான் சுவிச்ச அமுத்துனப்பறமும் சுத்துது. நின்னப்பறம்தான் கைய வெப்போம்" என்றாள். எனக்கு இன்னும் குஷியாகிவிட்டது. அதேதான், அதேதான் மா என்று குதித்தேன். அவள் குதிக்கவில்லை.

குதிக்காததற்குக் காரணம் இருந்தது. பிள்ளைப்பாக்கத்தில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஒரு சின்னப் பட்டறையில் பிரஸ் ஓட்டி வலது கையில் இரண்டு விரலை இழந்தவன். பாதுகாப்பு என்று ஒரு மண்ணும் இல்லாத பட்டறை அது. கால் மிதியை மிதித்தால் அடி விழும், கை எங்கே இருந்தாலும் விழும். அவன் எங்கள் மண்ணூர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மா காபி டம்ளரை அவனுடைய இடது கையில்தான் கொடுப்பாள். கொடுத்துவிட்டு என்னைப் பார்ப்பாள்.

என் பயிற்சி முடியப் போகும் சமயம் கம்பெனியில் கேட்டார்கள், பிரஸ் லைனிலேயே ஆபரேட்டராக நிரந்தரமாக இருக்கிறாயா, இல்லை செக்கிங் டேபிளுக்குப் போகிறாயா என்று. செக்கிங் டேபிள் என்றால் உட்கார்ந்த இடத்தில் பிராக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது. நல்ல வேலைதான். எனக்கு நினைத்தாலே கொட்டாவி வந்தது. அம்மாவுக்கோ அதுதான் வேண்டும்.

"அவன் கைய பாத்துகினுதான கீற? வெரலு போன பொண்ணுக்கு நாளைக்கி எவன் வருவான்?"

"எவனும் வர வேணாம்."

"வாய் மட்டும் கீது. நாளைக்கி சோறு பெசையறதுக்கு வெரல் வேணாமா?"

இரண்டு நாள் பேசாமல் இருந்தோம். அப்புறம் அவளே இறங்கி வந்தாள். ஆயுத பூஜைக்குத் தொழிலாளர்களின் வீட்டு ஆட்களைக் கம்பெனிக்குள் கூட்டிப்போய்க் காட்டுவது வழக்கம். "வர்றேன். எங்கண்ணால பாக்கறேன். பாத்துட்டு சொல்றேன். நான் வேணாம்னா வேணாம்தான், அப்பறம் மூஞ்ச தூக்கக் கூடாது" என்றாள். சரி என்றேன். எங்கள் வீட்டில் அவள் ஒருத்தி சம்பாதித்து என்னைப் படிக்க வைத்தாள். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

பூஜை நாளன்று பிரஸ் ஷாப் அடையாளமே தெரியவில்லை. தரையில் எண்ணெய்க் கறை இல்லை. கிரேன் தூண்களில் வாழைக்கன்று. ஒவ்வொரு மெஷினுக்கும் சாமந்தி மாலை, எலுமிச்சம்பழம். மேஜை மேல் சாமி படம், அதன் முன்னால் பெரிய தாம்பாளத்தில் வெர்னியர், மைக்ரோமீட்டர், ஸ்பானர் எல்லாம் சந்தனம் பூசிக்கொண்டு கிடந்தன. ஃபோர்க்லிஃப்ட் சாவி, ஸ்டோர் சாவி, பேனல் சாவி என்று கம்பெனியில் இருந்த சாவி அத்தனையும் அந்தத் தாம்பாளத்தில் இருந்தது. தொழில் செய்யும் பொருள் எதுவும் விட்டுப்போகக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் பிடிவாதம். கால்குலேட்டரைக்கூட விடவில்லை.

அம்மா புதுப் புடவை கட்டிக்கொண்டு, பார்வையாளர்களுக்குக் கொடுத்த தொப்பியைக் கொண்டை மேல் வைத்துக்கொண்டு நின்றாள். தொப்பி உட்காரவே இல்லை. நான் அவளை இழுத்துக்கொண்டு என் நூறு டன் பிரஸ் முன்னால் போனேன். பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை.

"இங்க பாரு மா. ரெண்டு பட்டன் கீதா? ரெண்டையும் ஒரே நேரத்துல ரெண்டு கையால அமுக்கணும். ஒத்தக் கைல அமுக்குனா எறங்காது. அப்போ எங்கை ரெண்டும் இங்கதான இருக்கணும்? உள்ள எப்டி போவும்?"

அம்மா தலையை ஆட்டினாள்.

"இதான் லைட் கர்ட்டன்." பிரஸ்ஸின் வாய்க்கு இரண்டு பக்கமும் நிற்கும் மஞ்சள் தூண்களைக் காட்டினேன். "இந்தத் தூணுலேர்ந்து அந்தத் தூணுக்கு கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் போய்க்கினே இருக்கும். நடுவுல எது குறுக்க வந்தாலும் மெஷின் நின்னுடும். யாரு கையா இருந்தாலும்."

"நின்னுடுமா? எறங்கிக்கினு இருக்கசொல்லகூடவா?"

"எறங்கிக்கினு இருக்கசொல்லகூட!"

அடுத்து பிரேக்கைப் பற்றி ஆரம்பித்தேன். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பிடித்தது. இந்தப் பிரேக்கைப் பிடிப்பது ஸ்பிரிங். விடுவிப்பது காற்று. காற்றுக் குழாய் வெடித்தாலும் சரி, கரண்ட் போனாலும் சரி, காற்று போனதும் ஸ்பிரிங் தானாகவே இறுக்கிப் பிடித்துவிடும். ஏதாவது கெட்டுப்போனால் ஓடுகிற பக்கம் சாயாமல் நிற்கிற பக்கம் சாய வேண்டும் என்று முன்பே யோசித்துச் செய்திருக்கிறார்கள். இதை யோசித்த மனிதர் எதிரில் வந்தால் காலில் விழுந்திருப்பேன். அம்மாவுக்கு இதில் பாதிதான் ஏறியது, அவள் மெஷினை விட்டு என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் சூப்பர்வைசர் சார் என்னைக் கூப்பிட்டார். மதுரைப் பக்கத்து மனிதர், நல்லவர், எதற்கும் அவசரப்படுகிறவர். சுண்டல் பிரிக்க ஆள் வேண்டுமாம். போகும்போது பார்த்தேன், என் லைனில் பிரஸ் ஓட்டும் அண்ணன் சந்தனக் கிண்ணத்தை அம்மா கையில் கொடுத்து, "நீயே வெச்சுடுக்கா, உம்பொண்ணு மெஷினுதான" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவின் முகம் முதல் முறையாக மலர்ந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பூஜை முடிந்தது. கற்பூரம் காட்டியாயிற்று. வெளியே பூசணிக்காய் உடைக்கப் போயிருந்தார்கள், சேஃப்டி ஆபீசரும் அந்தக் கும்பலோடு போய்விட்டார். உள்ளே சூப்பர்வைசர் சார் எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார். "இந்த வருசம் முதல் அடி நம்ம பொம்பளப் புள்ள அடிக்கட்டும்."

கையுறையைச் சரி செய்துகொண்டு பட்டன் மேடைக்கு முன்னால் நின்றேன். அச்சில் தகடு ஏற்கெனவே வைத்தாயிற்று, குங்குமப் பொட்டோடு. மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் கூட்டம். அம்மா எங்கே என்று பார்த்தேன், முதல் வரிசையில் நின்றாள். இரண்டு உள்ளங்கையாலும் பட்டன்களை அழுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி அழுத்தினேன். சக்கரம் பின்னால் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது, பிரஸ் மட்டும் அசையவில்லை. கூட்டத்தில் யாரோ "முதல் அடியே வுழலியே" என்றார்கள். ஆயுத பூஜை அன்று மெஷின் ஓடாவிட்டால் வருஷம் முழுக்க ஓடாது என்று நினைக்கிறவர்கள் எங்கள் ஷாப்பில் பாதிப் பேர். எனக்கு முகம் ஜிவ்வென்று சூடாகிவிட்டது. இத்தனை பெருமை அடித்துக்கொண்டேனே, இன்றைக்குப் பார்த்தா இது இப்படி என் மானத்தை வாங்க வேண்டும்!

அண்ணன் பேனலைப் பார்த்தார். "சார், கர்ட்டன் ரெட்ல கீது. இன்னாமோ குறுக்க நிக்குது."

"குறுக்க ஒண்ணும் இல்லையேப்பா. ராகு காலம் வந்துரும்யா." சார் கையைப் பிசைந்தார். திடீரென்று மேஜைப் பக்கம் ஓடினார், தாம்பாளத்திலிருந்து ஒரு சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

அது பைபாஸ் சாவி. அச்சு மாட்டும்போது, மெல்ல மெல்ல நகர்த்திப் பார்க்கும்போது, லைட் கர்ட்டனைத் தற்காலிகமாக விலக்கி வைக்கிற சாவி. மற்ற நாட்களில் சேஃப்டி ஆபீசரின் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும், கையெழுத்துப் போடாமல் யாருக்கும் கிடைக்காது. பூஜைக்கு என்று எல்லாச் சாவியோடும் சேர்ந்து அதுவும் வெளியே வந்துவிட்டது. சார் அதைப் பேனலில் போட்டுத் திருப்பினார். சிவப்பு விளக்கு அணைந்தது. பேனல் உச்சியில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"ம், அமுக்குத்தா!"

என் உள்ளங்கைகள் பட்டன்களுக்கு மேலே இருந்தன. தூக்கிவிட்டேன்.

"மஞ்சள் எரியுது சார்."

"ஒரே ஒரு அடிதான்மா. அப்புறம் பார்த்துக்கலாம்."

"மஞ்சள் எரிஞ்சா ஓட்டக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

"நாந்தான் சொன்னேன், இப்பவும் நாந்தான் சொல்றேன், அமுக்கு. உன் கை ரெண்டும் பட்டன்லதான இருக்கு, உனக்கென்ன ஆகப் போகுது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் பெரியவர் சின்னவர் தெரியாது. கையைக் கட்டிக்கொண்டேன். "முடியாது சார். நீங்க வேணா அமுக்குங்க" என்றேன். கூட்டம் சலசலத்தது. சாரின் முகம் கறுத்தது. அண்ணன், "இன்னாம்மா நீ, நல்ல நாள் அதுவுமா" என்றார். அழுகை வரும்போல இருந்தது. அம்மா முன்னால் சாரை எதிர்த்துப் பேசியாயிற்று, இனி பிரஸ் லைனும் இல்லை, எதுவும் இல்லை என்று நினைத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்க்கலாம் என்று திரும்பினேன்.

முதல் வரிசையில் அம்மா இல்லை.

மறுபடி பிரஸ்ஸைப் பார்த்தேன். அம்மா மஞ்சள் தூணுக்குப் பக்கத்தில் குனிந்திருந்தாள். அவளுடைய வலது கை, முழங்கை வரைக்கும், பிரஸ்ஸின் வாய்க்குள் இருந்தது.

என் முன்னால் இருந்த சிவப்பு எமர்ஜென்சி பட்டனை ஓங்கி அடித்தேன். புஸ்ஸென்று காற்று வெளியேறியது. அம்மா நிதானமாகக் கையை வெளியே எடுத்தாள். கையில் ஒரு எலுமிச்சம்பழம்.

"பழத்த உள்ளயே வுட்டுட்டீங்களே. நசுங்கி மெஷினெல்லாம் சாறாப் பூடாதா?" என்றாள். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டதும், "இன்னா? சாமி பழம்தான, எடுத்தா தப்பா?" என்று கேட்டாள்.

சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் சார் அப்படியே அச்சுப் பெட்டி மேல் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். இரண்டு பட்டன்கள் என் கைகளைத்தான் காப்பாற்றும். பக்கத்தில் வந்து கையை விடுகிறவரைக் காப்பாற்ற அந்த வெளிச்சத் திரை ஒன்றுதான் இருந்தது, அதைத்தான் சாவி போட்டு விலக்கியிருந்தோம்.

நான் ஓடிப்போய் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "கைய உள்ள வுட்டியே மா! எதுக்குக் கோட்ட தாண்டி வந்த? அறிவு கீதா உனக்கு?" என்று கத்தினேன். கத்திவிட்டு அழுதேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நாலு பேர் எதிரில் திட்டிவிட்டேன் என்ற வருத்தம்தான் அவள் முகத்தில் தெரிந்தது.

சார்தான் முதலில் எழுந்தார். சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டார். "ஏத்தா, நீ சொன்னது சரி" என்றார். அண்ணன் மெயின் சுவிட்சை அணைத்தார். நான் என் பூட்டை எடுத்து அதன் மேல் மாட்டிச் சாவியை என்னிடமே வைத்துக்கொண்டேன். அப்படிச் செய்தால் நான் திறக்காமல் யாராலும் மெஷினுக்குக் கரண்ட் கொடுக்க முடியாது. சக்கரம் முழுக்க நிற்கும் வரைக்கும் காத்திருந்தோம். எத்தனை நேரம் சுற்றுகிறது பார் என்று அம்மாவிடம் காட்டினேன். கிரைண்டரைவிட ரொம்ப நேரம் சுற்றுகிறதே என்றாள்.

பிறகு தூணைப் பார்த்தோம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மஞ்சள் தூணில் சந்தனம் வைத்தால் எடுப்பாகத் தெரியாது என்று, அதன் உட்பக்கத்தில் கறுப்பாகப் பளபளத்த கண்ணாடிப் பட்டையில் அம்மா வரிசையாகப் பொட்டு வைத்திருந்தாள். வாசல் நிலைக்கு வைப்பதுபோல அழகாக, சந்தனமும் நடுவில் குங்குமமும். அந்தப் பட்டை வழியாகத்தான் வெளிச்சம் வர வேண்டும். வெளிச்சம் வரவில்லை, அதனால் பிரஸ் இறங்கவில்லை. தனக்குக் கண் தெரியவில்லை என்றதும் அது சரியாக நின்றிருக்கிறது! கெட்டுப்போனது என்று நாங்கள் நினைத்த மெஷின்தான் அன்றைக்கு அந்த ஷாப்பிலேயே ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. எனக்கு அழுகையெல்லாம் போய்விட்டது. "மா, மா, பாரு மா, உம்பொட்டுக்குத்தான் நின்னுச்சி" என்று அவள் கையைப் பிடித்து ஆட்டினேன்.

பட்டையைத் துடைத்தோம். பூட்டைத் திறந்து, சக்கரம் வேகம் எடுத்ததும், கர்ட்டனைச் சோதிக்கும் கம்பியை எடுத்து அண்ணனிடம் கொடுத்தேன். விரல் பருமன் இருக்கும். காலையில் ஒரு முறை சோதித்திருந்தோம், பூஜைக்குப் பிறகும் சோதிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் பட்டன்களை அழுத்த, பிரஸ் இறங்க, பாதியில் அண்ணன் தூரத்திலிருந்து கம்பியைக் குறுக்கே நீட்டினார். டக்கென்று நின்றது. அம்மா, "இன்னொரு தபா" என்றாள். இன்னொரு தபா நின்றது. மேலே, நடுவில், கீழே என்று எல்லா இடத்திலும் நீட்டச் சொன்னாள். அண்ணனுக்குக் கை வலித்திருக்கும்.

கடைசியில் முதல் அடி விழுந்தது. ராகு காலத்தில்தான் விழுந்தது. பிராக்கெட் வந்து விழுந்ததும் நான் கை தட்டினேன், இந்த முறை கூட்டமும் தட்டியது. அம்மா தட்டவில்லை. தன் வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் சுற்றி வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கு அப்போது தெரிந்தது.

திரும்பும்போது கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். மடியில் பொரிப் பொட்டலம். அவள் முடிவைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் கண்ணால் பார்க்க வந்தாள், பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டாள். செக்கிங் டேபிள்தான் என்று முடிவு செய்து மனதைத் தேற்றிக்கொண்டு வந்தேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் அவளே ஆரம்பித்தாள்.

"அந்த சாவி போட்டா அதுக்குக் கண்ணு தெரியாதா?"

"தெரியாது மா."

"நான் உள்ள கைய வுட்டது உனக்குத் தெரியுமா, அமுக்க மாட்டேன்னு சொல்லசொல்ல?"

"தெரியாது. நான் உன்னப் பாக்கவே இல்ல."

"அப்பறம் ஏன் அமுக்கல? அந்த சாரு அவ்ளோ கத்தனாரே."

"மஞ்ச லைட்டு எரிஞ்சிச்சி. எரிஞ்சா அமுக்கக் கூடாது. யாரு சொன்னாலும்."

எங்கள் நிறுத்தம் வந்தது. எழுந்தவள், பஸ் நிற்பதற்கு முன்பே என் பக்கம் திரும்பி, பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நீ அங்கியே இரு. உன் எடத்துல வேற எவனாச்சும் நின்னுகினு இருந்தா அமுக்கியிருப்பான்."